கோழிக்கு உண்டு, அம்மாயிக்கு இல்லையா?

எங்கள் வகுப்பில் ஏறக்குறையப் பாதிப் பேர் கோழிப்பண்ணை வீட்டுப் பிள்ளைகள். மீதிப் பேரில் லாரிக்காரர் வீடு, தறிக்காரர் வீடு, ஜவ்வரிசி ஆலை வீடு, வாத்தியார் வீடு என்று எல்லாம் உண்டு. ஆகவே தடுப்பூசி என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. குஞ்சு பொரிப்பகத்திலிருந்து வெளியே வருமுன்பே, பிறந்த அன்றே, கழுத்துத் தோலில் ஒரு ஊசி. ஐந்தாம் ஆறாம் நாளில் ராணிக்கேட் நோய்க்குக் கண்ணில் ஒரு சொட்டு. அப்புறம் தண்ணீரில் கலந்து கொடுப்பது ஒன்று, சிறகுச் சவ்வில் குத்தும் அம்மைத் தடுப்பூசி ஒன்று, முட்டையிடத் தொடங்குவதற்குச் சற்று முன் மறுபடியும் ஒன்று. வெள்ளைக்கழிச்சல் என்று நம் பாட்டிமார் சொல்லும் அந்த ராணிக்கேட் நோய்க்கு ஒருமுறை போட்டால் போதாது. திரும்பத் திரும்பப் போட வேண்டும். இதற்கென்று ஒவ்வொரு ஷெட்டிலும் ஒரு அட்டவணை தொங்கும். தேதி வந்துவிட்டால் வீட்டில் கல்யாணமே நடந்தாலும் ஊசி தவறாது.

இத்தனையும் ஒன்றரை ஆண்டு அளவே பண்ணையில் வாழப்போகும் ஒரு கோழிக்கு!

இதை நாங்கள் கேலியாகச் சொல்லவில்லை. சென்ற ஆண்டு அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது எங்கள் தோழி ஒருத்தியின் அம்மாயி இறந்துபோனார். அவளுடைய வீடு பண்ணை வீடு. பள்ளி விட்டு அவள் போனால் திண்ணையில் அம்மாயி காத்திருப்பார். எங்களில் பலர் அந்த வீட்டில் கம்மஞ்சோறும் மோரும் வாங்கிக் குடித்திருக்கிறோம். கார்த்திகை மழையில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. "வெறுஞ்சளிதான் கண்ணு, சுக்குக் காப்பி குடிச்சாச் சரியாப் போயிரும்" என்றார். இரண்டாம் நாள் உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல வலி. நான்காம் நாள் மூச்சு இரைத்தது. கார் வைத்துச் சேலத்துக்குக் கொண்டு போனார்கள். அங்கே எடுத்த பரிசோதனையில் ‘இன்ஃபுளுவென்சா ஏ’ என்று வந்தது. நுரையீரலில் நிமோனியாவும் சேர்ந்துவிட்டது. அவருக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை இருந்தது. ஒன்பதாம் நாள் முடிந்துவிட்டது.

துக்கம் விசாரிக்கப் போனபோது அவளுடைய அப்பா எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னார். "எட்டாயிரம் கோழிக்குத் தேதி வெச்சு ஊசி போடறனுங்க. பெத்தவங்களாட்டம் இருந்த மாமியாருக்கு அப்படி ஒரு ஊசி இருக்குதுன்னே எனக்குத் தெரியாதுங்க." அந்த வார்த்தைதான் எங்களை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

ஊசி போட்டிருந்தால் அம்மாயி பிழைத்திருப்பார் என்று நாங்கள் அடித்துச் சொல்ல மாட்டோம். அப்படிச் சொல்ல எங்களால் முடியாது, எந்த டாக்டராலும் முடியாது. ஆனால் அந்த வாய்ப்பு அவருக்குக் கொடுக்கப்படவே இல்லை. பாசக் குறைவால் நேர்ந்ததன்று அது. கோழிக்கு அட்டவணை இருந்தது, அம்மாயிக்கு இல்லை. அவ்வளவுதான்.

மறுநாள் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தோம். வீட்டில் யாராவது ஃப்ளூ தடுப்பூசி போட்டவர் உண்டா? ஒரே ஒரு கை உயர்ந்தது. அவளுடைய அத்தை ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். ‘அது வெள்ளைக்காரர்கள் நாட்டு ஊசி, குளிர்நாட்டுக்குத்தான் வேண்டும்’ என்று ஒருத்தி சொன்னாள். உண்மை என்னவென்று தேடிப் பார்த்தபோது நாங்கள் அறிந்தவற்றைக் கீழே எழுதுகிறோம்.

முதலில், சளி வேறு, ஃப்ளூ வேறு. மூக்கு ஒழுகி மூன்று நாளில் போவது சளி. திடீரென்று கடுங்காய்ச்சல், குளிர், தலைவலி, எலும்பெல்லாம் நோவு, வறட்டு இருமல் என்று ஒரே நாளில் ஆளைப் படுக்கையில் தள்ளுவது ஃப்ளூ. பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிடும். நம் வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு வாரப் பள்ளி போகும், கஷாயம் வரும், அதோடு முடியும். அறுபது கடந்தவர்கள், கருவுற்றிருப்பவர்கள், கைக்குழந்தைகள், சர்க்கரை, ஆஸ்துமா, இருதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இவர்களுக்கெல்லாம் அது அப்படி முடிவதில்லை. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறிப் பஞ்சுத் தூசியிலேயே முப்பது வருஷம் இருமியவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அவர்கள் நுரையீரலில் ஃப்ளூ புகுந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

குளிர்நாட்டு நோய் என்று சொல்பவர்கள் 1918ஐ மறந்துவிட்டார்கள். அவ்வாண்டு ஜூன் மாதம் பம்பாயில் தொடங்கி, ரயில் ஏறி நாடெங்கும் பரவிய இன்ஃபுளுவென்சாவில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பது ஆராய்ச்சியாளர்கள் கணக்கு. 1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகை 1911இல் இருந்ததைவிடக் குறைந்திருந்தது. பத்தாண்டு கழித்து எண்ணியபோது ஆள் குறைந்திருந்தது இந்தியக் கணக்கெடுப்பு வரலாற்றில் அந்த ஒரு முறைதான். எந்தக் கிருமி என்றுகூட அப்போது யாருக்கும் தெரியாது. லண்டனில் அந்த வைரஸைப் பிரித்தெடுத்ததே 1933இல்தான். பிறகு 1957. ஆசிய ஃப்ளூ என்று பெயர் பெற்ற அது இந்தியாவுக்குள் நுழைந்த வாசல் நம் சென்னைத் துறைமுகம். அவ்வாண்டு மே மாதம் சிங்கப்பூர்ப் பக்கமிருந்து வந்த கப்பலின் பயணிகளோடு அது இறங்கியது. 2009இல் பன்றிக்காய்ச்சல் என்று பெயர் சூட்டிக்கொண்டு மறுபடி வந்தது. இந்தியாவில் அதற்கு முதலில் உயிரிழந்தவர் புனே நகரத்தைச் சேர்ந்த, 14 வயதே ஆன ஒரு பள்ளி மாணவி. எங்களைவிடச் சிறியவள். இதைப் படித்த அன்று மதியம் எங்களில் யாரும் அதிகம் பேசவில்லை.

பெயர்தான் பெரும் குழப்பம். பன்றிக்காய்ச்சல் என்றால் பன்றி வளர்ப்பவருக்கு, பறவைக்காய்ச்சல் என்றால் பறவைக்கு, விஷக்காய்ச்சல் என்றால் தெருச் சாக்கடைக்கு என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். 2009இல் வந்த அந்த வைரஸ் எங்கும் போய்விடவில்லை. அதன் வழிவந்தவை இன்று ஆண்டுதோறும் வரும் சாதாரண ஃப்ளூவில் ஒன்றாகிவிட்டன. 2023 மார்ச்சில் ஃப்ளூவின் மற்றொரு வகை பரவியபோது தமிழக அரசு ஒரே நாளில் ஆயிரம் காய்ச்சல் முகாம்கள் நடத்தியது நினைவிருக்கும். ஆக, நம் ஊர் வெயிலுக்கு ஃப்ளூ அஞ்சுவதாகத் தெரியவில்லை.

சரி, ஒருமுறை போட்டால் போதாதா? ஆண்டுதோறும் எதற்கு? பெற்றோர்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். போலியோ சொட்டு மருந்து குழந்தைப் பருவத்தோடு முடிந்துவிடுகிறதே, இது மட்டும் ஏன் முடிவதில்லை?

நாமக்கல்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. பாடி கட்டும் பட்டறைக்குப் பழைய லாரி ஒன்று போகிறது. சேஸிஸ் அதேதான், என்ஜின் அதேதான். புது பாடி, புது பெயிண்ட், புது முகப்பு. வெளியே வந்தால் செக்போஸ்ட்காரருக்கு அது வேறு லாரி. ஃப்ளூ வைரஸ் ஓயாமல் செய்வது இதைத்தான். நம் உடம்பில் இருக்கும் காவற்காரர்கள் சென்ற ஆண்டு முகப்பைத்தான் அடையாளம் வைத்திருப்பார்கள். இந்த ஆண்டு முகப்பு மாறியிருந்தால் வழிவிட்டு விடுவார்கள். 1947இல் அமெரிக்காவில் இது நன்றாக விளங்கியது. அதற்கு முன் தயாரித்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்களுக்கும் அவ்வாண்டு ஃப்ளூ தாராளமாக வந்தது, வைரஸ் மாறிவிட்டிருந்தது. அதிலிருந்துதான் உலகம் முழுவதும் கண்காணிக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1952 முதல் உலக சுகாதார நிறுவனம் அந்த வேலையைச் செய்து வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் நிபுணர்கள் கூடி, எந்த வகைகள் உலவுகின்றன என்று பார்த்து அடுத்த ஊசியில் எவை இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். நம் நாட்டிலிருந்து புனே வைராலஜி நிலையம் இதில் பங்கு கொள்கிறது. 2020 மார்ச்சுக்குப் பிறகு ‘பி’ வகையில் ஒரு கிளை உலகில் எங்குமே தென்படவில்லை. அதனால் நான்கு வகை அடங்கிய ஊசியை மூன்று வகையாகக் குறைக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். கோவிட் காலத்தில் நாம் முகக்கவசம் போட்டு வீட்டுக்குள் கிடந்ததில் ஒரு வைரஸ் வம்சமே வழி தெரியாமல் போயிருக்கிறது!

இன்னொரு காரணமும் உண்டு. ஊசி தரும் பாதுகாப்பு சில மாதங்களில் தேய்ந்துவிடுகிறது. ராணிக்கேட் சொட்டை ஏன் திரும்பத் திரும்ப விடுகிறோம் என்று அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

எங்களை மிகவும் வியக்க வைத்த செய்தி ஒன்றை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. உலகில் தயாராகும் ஃப்ளூ ஊசிகளில் பெரும்பாலானவை கோழிமுட்டையில் உண்டாக்கப்படுபவை. பத்துப் பதினோரு நாள் அடைகாத்த கருமுட்டைக்குள் சிறு துளை வழியாக வைரஸைச் செலுத்துகிறார்கள். இரண்டு மூன்று நாளில் அது முட்டைக்குள்ளிருக்கும் நீரில் பெருகிவிடும். அந்த நீரை எடுத்துச் சுத்தம் செய்து, வைரஸைக் கொன்று, ஊசி மருந்தாக்குகிறார்கள். ஒரு வகைக்கு ஒரு முட்டை என்று தோராயமாகக் கணக்கு. பன்றிக்காய்ச்சலுக்கு அகமதாபாத் நிறுவனம் ஒன்று 2010இல் இந்தியாவிலேயே தயாரித்த ஊசியும் இப்படி முட்டையில் வளர்த்ததுதான். நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை அனுப்பும் ஊர் நம் ஊர். முட்டையின் விலையை நாமறிவோம், எடையை அறிவோம், ஓட்டின் தடிமனைக்கூட அறிவோம். முட்டைக்குள் இப்படி ஒரு மருத்துவம் நடக்கிறது என்பதை மட்டும் அறியாமல் இருந்திருக்கிறோம். (இந்த வேலைக்கு நம் தட்டு முட்டை உதவாது. கரு உள்ள முட்டை, அதுவும் தனிக் கவனிப்பில் வளர்ந்த கோழியின் முட்டை வேண்டும். உடனே பண்ணைக்காரர்கள் யாரும் விலை ஏற்றிவிட வேண்டாம்.)

இனி டாக்டரைப் பற்றி.

நம் ஊர் மக்களுக்கு ஊசியில் பயமில்லை. சொல்லப்போனால் ஆசைதான். காய்ச்சல் என்று போனால் "ஒரு ஊசி போட்டுருங்க சாமி" என்று நாமே கையை நீட்டுவோம். ஊசி போடாமல் மாத்திரை மட்டும் எழுதித் தரும் டாக்டரை ‘கைராசி இல்லை’ என்று விட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போவோம். ஆனால் காய்ச்சல் வந்த பிறகு நாம் ஆசையோடு கேட்டு வாங்கும் அந்த ஊசி ஃப்ளூவை ஒன்றும் செய்யாது. நாமே மருந்துக்கடையில் வாங்கி மூன்று நாள் விழுங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையும் வைரஸை ஒன்றும் செய்யாது. அது பாக்டீரியாவுக்கான மருந்து. காய்ச்சல் வந்தபின் பயனில்லாத ஊசிக்குக் கெஞ்சுகிறோம். வருமுன் பயனுள்ள ஊசியைக் கேட்பதே இல்லை. எங்கள் கருத்தில் இதுவே மாற வேண்டியது.

யாரிடம் கேட்பது? எங்கோ கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இருக்கும் பெரிய நிபுணரிடம் அல்ல. நம் தெருமுனை டாக்டரிடம், நம் குடும்ப டாக்டரிடம். அம்மாயிக்குச் சர்க்கரை எத்தனை என்று அவருக்குத் தெரியும். அப்பாவுக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது என்று தெரியும். அக்கா பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள் என்பதுகூடத் தெரியும். வீட்டில் யாருக்கு முதலில் போட வேண்டும், யாருக்கு இப்போது வேண்டாம் என்று சொல்லத் தகுந்தவர் அவர்தான். பிரசவத்துக்கு வந்த அக்காவைப் பற்றிச் சொன்னோமே, அது முக்கியம். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. கருவுற்றிருக்கும்போது தாய் போட்டுக்கொண்டால் அந்தப் பாதுகாப்பு குழந்தைக்கும் சென்று சேருகிறது. பிறந்த குழந்தைக்கு வேறு வழியில் அதைத் தர இயலாது.

எங்களில் நால்வர் எங்கள் ஊர் டாக்டர் ஒருவரிடம் போய்க் கேட்டோம். அவர் பழைய காலத்து மனிதர். அதிகம் பேச மாட்டார். "நாங்க எழுதிக் குடுத்தாலும் யாரும் வாங்கறதில்லை அம்மா, அதனால ஸ்டாக் வெச்சுக்கறதில்லை. முன்னாலயே சொன்னா வரவழைச்சுப் போடுவேன்" என்றார். கேட்பவர் இல்லாததால் வைப்பதில்லை. வைப்பதில்லை ஆதலால் யாரும் கேட்பதில்லை. இந்த வட்டத்தை உடைக்க வேண்டியவர் டாக்டரா, நாமா? நாம் என்றே நினைக்கிறோம். ஒரு தெருவில் பத்து வீட்டார் சேர்ந்து சொன்னால் அவர் வரவழைத்துவிடுவார். அவர் சொன்ன இன்னும் சில: மருந்தை 2 முதல் 8 டிகிரிக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். மருந்துக்கடையில் நாமே வாங்கிக் கொண்டு போவதானால் ஐஸ் வைத்து நேராகக் கிளினிக்குக்குப் போக வேண்டும். பையில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கிவிட்டு வரக்கூடாது. எந்த ஆண்டுக்கான மருந்து என்று அட்டைப்பெட்டியில் பார்க்க வேண்டும். போட்ட தேதியை நோட்டில் எழுதி வைக்க வேண்டும். பலன் தர இரண்டு வாரம் ஆகும். ஒன்பது வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முதன்முறை போடும்போது நான்கு வாரம் விட்டு இரண்டு ஊசி.

எந்த மாதம்? சென்னையில் எடுத்த கணக்கில் ஐப்பசி, கார்த்திகை மழையோடு ஃப்ளூ ஏறுவது தெரிந்திருக்கிறது. வடக்கே பல ஊர்களில் அது ஆடி, ஆவணி மழையில் ஏறுகிறது, காஷ்மீரில் பனிக்காலத்தில். சேலம் சீமைக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. மாதத்தை டாக்டர் சொல்லட்டும். மழை தொடங்குமுன் போட வேண்டும், ஆண்டுதோறும் மறக்காமல் போட வேண்டும் என்பது நம் பொறுப்பு.

எங்கள் வீடுகளில் இதைப் பேசியபோது எதிர்ப்பும் வந்தது. "ஊசி போட்டுக்கிட்டவங்களுக்கும் காய்ச்சல் வருதே" என்றார் ஒருத்தியின் சித்தப்பா. வரும். இதை மறைத்துப் பயனில்லை. ஊசி நன்றாகப் பொருந்திய ஆண்டுகளிலேயே டாக்டரிடம் ஓடும் அளவுக்கு வரும் ஃப்ளூவை நூற்றுக்கு 40 முதல் 60 வரைதான் அது குறைக்கிறது. சாதாரணச் சளிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் ஊசி போட்டும் ஃப்ளூ வந்தவர்களுக்கு அது முற்றி ஆஸ்பத்திரியில் சேரும் நிலை குறைகிறது. ஹெல்மெட் போட்டவருக்கும் விபத்து நேர்கிறது என்று யாரும் ஹெல்மெட்டைத் தூக்கி எறிவதில்லையே. இன்னொரு பாட்டி, "ஊசியிலேயே காய்ச்சல் வந்துரும்னு சொல்றாங்க" என்றார். ஊசியில் இருப்பது கொல்லப்பட்ட வைரஸ். கை வலிக்கும், ஒருநாள் உடம்பு கதகதப்பாக இருக்கும், ஃப்ளூ வராது. முட்டை ஒவ்வாதவர்களும் இப்போது போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள் மருத்துவ வல்லுநர்கள். டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போட்டுக்கொண்டால் போதும்.

வாட்ஸ்அப் செய்திகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி பள்ளிகளில் போடப்பட்டபோது எத்தனை வதந்தி! எத்தனை தாய்மார் அன்றைக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் நிறுத்தினார்கள்! ஊசி போட்டுக்கொண்ட எங்கள் அக்காமார் எல்லாரும் நலமாகக் கல்லூரி முடித்துவிட்டார்கள்.

எல்லா எதிர்ப்புக்கும் பதில் சொல்லிவிட்டோம்; ஒன்றுக்கு மட்டும் எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. விலை. தனியார் கிளினிக்கில் இந்த ஊசி ஆயிரம் ரூபாய்க்கு மேல். தறி ஓட்டும் குடும்பத்துக்கு அது சில நாள் கூலி. வீட்டில் நான்கு பேர் என்றால் மாதச் சாமான் செலவே போய்விடும். குழந்தை மருத்துவர் சங்கம் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் ஆண்டுதோறும் போடச் சொல்கிறது. ஆனால் அரசின் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் ஃப்ளூ ஊசி இல்லை. காசு உள்ளவர் பிள்ளைக்கு ஒன்று, இல்லாதவர் பிள்ளைக்கு ஒன்று என்று தடுப்பூசி பிரிந்து நிற்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

அரசால் முடியாதது அன்று. மகாராஷ்டிர அரசு 2015 முதல் கருவுற்ற பெண்களுக்கு இதை இலவசமாகப் போடத் தொடங்கியது. நம் மாநிலமோ ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் பெயர் பெற்ற மாநிலம். 1999இல் தொடங்கிய ‘வருமுன் காப்போம்’ திட்டத்துக்கு 2021 செப்டம்பரில் புத்துயிர் கொடுத்துத் தொடங்கி வைத்த இடம் நம் வாழப்பாடி. அதற்கு முந்தைய மாதம் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையோடு வீட்டு வாசலுக்கே ஆள் வரும் திட்டம் அது. யார் வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறார் என்ற பட்டியல் அவர்கள் கையில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள முதியோருக்கேனும் மழைக்கு முன் ஒரு ஃப்ளூ ஊசி என்று வைத்தால் எத்தனை அம்மாயிகள் திண்ணையில் இருப்பார்கள்! கோவிட் காலத்தில் இதே நிலையங்களில்தான் ஊரே வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டது. இதைக் கேட்டு மாவட்ட ஆட்சியருக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, வகுப்பில் எல்லாரும் கையெழுத்திட்டிருக்கிறோம். பெற்றோர்களும் தத்தம் கிராம சபையில் கேட்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

கடைசியாக, நம் பண்ணைகளில் வேலை செய்பவர்களைப் பற்றி. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஷெட்டுக்குப் பக்கத்திலேயே குடும்பத்தோடு தங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு இங்கே குடும்ப டாக்டர் கிடையாது. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக்காய்ச்சல் வந்தபோது, அத்தனை தூரத்தில் வந்த நோய்க்கே நாமக்கல்லில் முட்டை விலை எப்படி விழுந்தது என்பதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். மனிதருக்குப் போடும் ஃப்ளூ ஊசி பறவைக்காய்ச்சலைத் தடுக்காது. ஆனால் ஒரே ஆளின் உடம்பில் பறவை வைரஸும் மனித ஃப்ளூவும் ஒரே சமயத்தில் புகுந்துவிட்டால், ஒரே பட்டறையில் இரண்டு லாரியைப் பிரித்துப் போட்டது போல, இதன் என்ஜினும் அதன் பாடியும் சேர்ந்து புதிதாக ஒன்று ஓடக் கிளம்பலாம். அதனால்தான் கோழிப்பண்ணையில் வேலை செய்பவர்கள் ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வது நல்லது என்று வல்லுநர்கள் சொல்கிறார்கள். கோழி மருந்துக் கணக்கில் இவ்வளவு செலவு எழுதும் முதலாளிமார், அதாவது எங்கள் அப்பாமார், அதே கணக்கில் இன்னும் நான்கு வரி எழுதினால் என்ன? எங்கள் வீட்டில் இதைக் கேட்டோம். இரண்டு அப்பாமார் சரி என்றார்கள். ஒருவர் "பார்க்கலாம்" என்றார். மற்றவர்கள் முட்டை விலையைப் பற்றிப் பேசினார்கள்.

எங்கள் தோழியின் வீட்டில் அவளுடைய அப்பச்சி தனியாக இருக்கிறார். வயது எழுபத்தெட்டு. மழைக்கு முன் அவரை டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும் என்று அவளுடைய அப்பா ஷெட்டில் தொங்கும் அட்டவணையில், லசோட்டா தேதிக்குக் கீழே, பேனாவால் எழுதி வைத்திருக்கிறார். எங்கள் விடுதி நோயறையைக் கவனிக்கும் சிஸ்டரும், வயதான சிஸ்டர்களுக்கு இவ்வாண்டு போடுவது பற்றி டாக்டரிடம் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். சேர்ந்து வரவழைக்க விரும்பும் பெற்றோர்கள் ஜூன் மாதப் பெற்றோர் கூட்டத்தன்று பெயர் கொடுக்கலாம். நோட்டு எங்களிடம் இருக்கும்.